சில்லூறுப் பெட்டியில் வேப்பிலை

1

போன தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையோடு நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் நிறைந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் ஒரு கேக் வாங்குவேன். என் மனுசன் எதற்கென்று கேட்காமலே பாதியைச் சாப்பிட்டு முடிப்பார். இம்முறை கேக் பெட்டியைத் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து மகளின் ஓணான் முட்டை இட்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில், என் ஊரான பண்டத்தரிப்பில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தவள்தான். நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்கே, மீன் தொழிற்சாலையை நம்பிக் கிடக்கிற ஒரு துறைமுக ஊர். தை மாதத்தில் சூரியன் வந்தும் வராததுமாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட ஊரில், மூன்றாம் மாடியில், வெப்ப விளக்குப் போட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் அவுஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான் ஒன்று மண் தோண்டி இருபத்திரண்டு முட்டை இட்டது. ஆண் துணையில்லாமல் இட்ட கூழ்முட்டைகள். ஓணானின் நீளம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும். கழுத்தைச் சுற்றித் தாடிபோல முள். பெயர் ராணி. மகளுக்கு நான் வேதாகமத்திலிருந்து எஸ்தர் என்று பெயர் வைத்தேன். அவள் தன் ஓணானுக்கு ஊர்ப்பெயர் தேடி வைத்தாள்.

முன்பு இந்த நாட்டில் ஊர்வன வளர்க்கவே தடை. பிறகு அரசாங்கம் இன்னின்னது வளர்க்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் இந்த ஓணானின் இனம் இருந்தது. என் பட்டியலில் இல்லை. எஸ்தர் அரசாங்கப் பட்டியலை அச்செடுத்து, கோடு கீறி, எங்கள் கட்டடத்து வீட்டுச் சங்கத்தின் விதிகளையும் பின்னால் சேர்த்து என் முன்னே வைத்தாள். இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டுக் கடுதாசிகளுக்குப் பயந்து நடந்தவளுக்கு அதற்கு மேல் வாய் திறக்க வழியில்லை.

முட்டை இட்டபின் ராணி வற்றிப்போனாள். வாலடியில் எலும்பு தெரிந்தது. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் உயிருள்ள பூச்சி கொடுக்க வேண்டும், இலை தழை மட்டும் போதாது, உடம்பு தேறாவிட்டால் தப்புவது கஷ்டம் என்று மிருக வைத்தியர் சொன்னார். ஆனால் எஸ்தருக்கும் அவள் தகப்பனுக்கும் இன்னும் பத்து நாளில் யாழ்ப்பாணம் போகப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. என் அக்காவின் மகனுக்குக் கலியாணம். எனக்கு லீவு இல்லை. கோட் மீன் வருகிற மூன்று மாதமும் எங்கள் தொழிற்சாலையில் லீவு என்ற சொல்லை எடுக்கவே கூடாது. எஸ்தர் கடைசியாக ஊருக்குப் போனது ஏழு வயதில். இப்போது வயது இருபத்தொன்று. இந்தமுறை விட்டால் இனி எந்தக் காலத்திலும் போகமாட்டாள் என்று எனக்குப் பயம்.

அவள் பாதி அடுக்கிய சூட்கேசை மூடிவிட்டு, "நான் போகேல்லை அம்மா" என்றாள்.

"நீ போ. ராணியை நான் பாக்கிறன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிப் பார்ப்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது.

2

எஸ்தருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கட்டிலின் கீழே ஒரு ஜாம் போத்தலில் ஏழு மயிர்க்கொட்டி வளர்த்தாள். எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை அறை கூட்டும்போது கண்டேன். எங்கள் ஊரில் மயிர்க்கொட்டி உடம்பில் பட்டால் தடித்துச் சிவந்துபோகும். முருங்கையில் கண்டால் பந்தம் கொளுத்தித்தான் விரட்டுவோம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யன்னலைத் திறந்து போத்தலைக் கவிழ்த்தேன். வெளியே அந்த வருடத்தின் முதல் பனி பெய்து கிடந்தது.

தமிழ் வகுப்பால் வந்தவள் வெறும் போத்தலைப் பார்த்தாள். அழவில்லை. இன்னும் நாலு நாளில் அவை கூடு கட்டியிருக்கும் என்று மட்டும் நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பூச்சி புழு பற்றி என்னோடு கதைத்ததில்லை. தமிழ் வகுப்புக்கும் அந்த வருடத்தோடு முழுக்குப் போட்டாள். பதின்மூன்று வயதில் கைச்செலவுக் காசைச் சேர்த்துத் தன் அறைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் பூட்டினாள்.

அன்றைக்கு அவள் கதவைச் சாத்திய பிறகு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். யன்னலுக்கு நேர் கீழே குந்தியிருந்து பனியைக் கையால் விலக்கி விலக்கித் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கை விறைத்ததுதான் மிச்சம். மேலே வந்து சோறு போட்டேன். இதை நான் மனுசனுக்கும் சொன்னதில்லை. முதல் தரமாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை இப்போது தன் அறைப் பூட்டின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தாள். அறைக்குள் ஒரு ஓணான், மூன்று பெட்டி நிறையச் சில்லூறுப் பூச்சி. குளிர்பெட்டியில், நான் வைத்த ஒடியல் மாவுக்குப் பக்கத்தில் ராணிக்குத் தீனியாக ஒரு பேணி மாப்புழு.

3

எஸ்தர் எழுதிவைத்த குறிப்பு பதினொரு பக்கம். அத்தனையும் தமிழில். நாலாம் வகுப்போடு தமிழை விட்ட பிள்ளை எழுத்தெழுத்தாய்க் கோர்த்து எழுதி, எழுத முடியாத இடத்தில் படம் கீறியிருந்தாள். சொற்களைத் தகப்பனிடம் கேட்டிருக்கிறாள். சில்லூறு என்பது அவர் கொடுத்த சொல். இரவில் மதில் ஓரம் கத்துமே, அதேதான், நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறல். நான் சமையலறை மேசையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் எழுதுகிற எந்தக் குறிப்பும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

முதலாம் பெட்டியில் வளர்ந்த சில்லூறு. அவை இந்தக் கிழமை ராணிக்கு. இரண்டாம் பெட்டியில் நடுத்தரம். அவை வளர்ந்து அடுத்த கிழமைக்கு. மூன்றாவதில் எறும்பளவு குஞ்சுகள். அவை அதற்கும் அடுத்த கிழமைக்கு. ஏன் இந்தப் பாடு, கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். பூச்சிக் கடை நாலு மணித்தியால பஸ் பயணத்தில் இருக்கிற பட்டினத்தில். கோடையில் தபாலில் அனுப்புவார்கள். மாரியில் அனுப்பினால் தபால் பெட்டிக்குள்ளேயே விறைத்துச் செத்துவிடும். அதனால் என் மகள் மாரி முழுவதுக்கும் வேண்டியதை வீட்டிலேயே பிறக்கவைத்து வளர்க்கிறாள்.

ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, பூச்சி அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பெரிதானால் செமிக்காது. சில்லூறுக்குத் தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக்கூடாது, விழுந்து செத்துப்போகும், ஒரு துண்டு கரட் போதும். முட்டை வாங்குகிற அட்டைகளை நிமிர்த்தி அடுக்கினால் அவை ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கும், கழிவும் கீழே விழும். பெட்டி ஈரம் பிடித்தால் நாறும், நாறத் தொடங்கினால் அடுத்த நாள் சாவு. ராணிக்குப் போடுவதற்கு முதல் நாள் பூச்சிக்கு நல்ல கீரை கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டும், பூச்சி தின்றதுதான் ராணிக்கும் போய்ச் சேரும். போடும்போது கல்சியத் தூளில் ஒரு குலுக்கல். தின்னாமல் விட்டதைத் தேடிப் பிடித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு அணைந்த பிறகு அவை ராணியைக் கடிக்கும். வெளியில் பிடித்த பூச்சி எதுவும் வேண்டாம், எங்கே என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது.

முட்டையிட ஒரு சிறு பேணியில் ஈரத் தும்புத்தூள். பெண் சில்லூறு பின்னால் இருக்கிற ஊசியை அதற்குள் குத்திக் குத்தி முட்டை வைக்கும். அந்தத் தும்புத்தூள் கட்டியைச் சுற்றியிருந்த தாளில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. எங்கள் தேங்காய் மட்டை கடல் கடந்து வந்து சில்லூறுக்குப் பிள்ளைப்பேற்று அறையாகியிருக்கிறது.

எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இவ்வளவும் என் வீட்டில் ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. நான் அந்தக் கதவைத் தாண்டிச் சலவைத் துணியோடு போய்வந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

4

அவர்கள் விமானம் ஏறிய பிறகு வீட்டில் நானும் ராணியும்தான். தொழிற்சாலையில் என் வேலை, வெளிச்ச மேசையில் வருகிற மீன் துண்டுகளில் புழு இருக்கிறதா என்று பார்த்து, கத்தி நுனியால் எடுப்பது. பகல் முழுக்கப் புழு பொறுக்கிவிட்டுப் பின்னேரம் வந்து புழுவுக்குச் சாப்பாடு போட்டேன்.

எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் ஒருவரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துப் பழக்கம், விடாது. முதல் நாள் ராணியின் கூட்டுக்குள் சில்லூறுகளைக் கொட்டியதும் என் கண் தானாக மூடியது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது இரண்டு சில்லூறு கூட்டைவிட்டு வெளியேறிப் புத்தக அலுமாரியின் கீழே போயிருந்தன. அடுத்த நாள் முதல் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன்.

தப்பியவை இரண்டும் ஆண். மூன்றாம் நாள் வீட்டுச் சங்கத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது. கட்டடத்தில் யாருடைய புகை எச்சரிக்கைக் கருவியோ பற்றரி முடிந்து ஒலி எழுப்புகிறது, உடனே மாற்றவும் என்று. நான் அகராதி வைத்து வாசித்துப் பயந்து, எங்கள் வீட்டுக் கருவிகள் நாலுக்கும் புதுப் பற்றரி போட்டேன். போட்டுவிட்டு ஏணியில் நின்றபடி கேட்டேன், அலுமாரியின் கீழிருந்து கிரீச் கிரீச் என்று சத்தம். கீழ் வீட்டுக்காரருக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

ராணி சாப்பிட்டாள். தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்ப்பாள், நாக்கை நீட்டுவாள், சில்லூறு இருந்த இடத்தில் இருக்காது. சமையல் தராசில் நிறுத்து ஒவ்வொரு நாளும் எழுதினேன். ஆறாம் நாள் பதினைந்து கிராம் கூடியிருந்தது.

அந்த ஆறாம் நாள்தான் சில்லூறின் தவிட்டுப் பையைக் கவனித்தேன். வாய் கிழிந்த கடுதாசிப் பை. எனக்கு ஒழுங்கில்லாத சமையலறையும் பிடிக்காது, ஒழுங்கில்லாத அறையும் பிடிக்காது. தவிடு முழுவதையும் என் பெரிய கண்ணாடிப் போத்தலில் கொட்டி மூடிவைத்தேன். மூன்று பெட்டிக்கும் அதிலிருந்தே அள்ளிப் போட்டேன். இதில் என்ன பிழை இருக்க முடியும்?

5

பத்தாம் நாள் இரண்டாம் பெட்டியில் நாலு செத்துக் கிடந்தன. பதினோராம் நாள் இருபதுக்கு மேல். சில்லூறு வளரும்போது பழைய தோலைக் கழற்றிவிட்டு வரும். இவை பாதி கழற்றியபடி சிக்கிச் செத்திருந்தன. மூன்றாம் பெட்டிக் குஞ்சுகளும் அப்படியே. கரட்டை மாற்றினேன், விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தேன், அட்டைகளை மாற்றினேன். பன்னிரண்டாம் நாள் இரண்டாம் பெட்டியில் உயிரோடு இருந்தவற்றை விரல் விட்டு எண்ணலாம்.

முதலாம் பெட்டியில் பெரியவை முடிந்துகொண்டு வந்தன. அவர்கள் திரும்பி வர இன்னும் ஒன்பது நாள். ஓணான் செத்தால் எஸ்தருக்குப் பண்டத்தரிப்பு என்றாலே அதுதான் நினைவில் நிற்கும். ராணி செத்த நேரத்தில் நான் போய் நின்ற ஊர் என்று. அம்மாவை நம்பி ஒரு உயிரை விட்டேன், இரண்டாம் தரமும் கொன்றாள் என்றும் நிற்கும். இதை எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தொலைபேசியில் எல்லாம் நல்லாயிருக்கு என்று பொய் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்தர் வீடியோவில் வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், தலையில் யாரோ மல்லிகை வைத்துவிட்டிருந்தார்கள். தொண்டைமானாற்றில் கடலும் ஏரியும் சேருகிற இடம் பார்த்ததையும், மாப்பிள்ளைக்குக் கோட் தைத்துக் கை கட்டையாய்ப் போனதையும் அவசரமாகச் சொல்லி முடித்தாள். பிறகு தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்வளவுக்கு ஓடினாள். அங்கே அக்கா நிலத்தில் கவிழ்த்திருந்த ஒரு பழைய மண்பானையைத் தூக்கினாள். பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்குமாய், அதில் கறையான் வெள்ளையாய் நெளிந்தது. அக்கா பானையைத் தட்டிக் கொட்ட, கோழிக்குஞ்சுகள் பாய்ந்து விழுந்து பொறுக்கின.

"அம்மா, பெரியம்மாவும் பூச்சி வளக்கிறா. தண்ணி தெளிச்சு, சாப்பாடு போட்டு, நாளுக்கு ஒரு பானை. பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிறவையாம், அங்கை குஞ்சுகளை விடமாட்டாவாம். நான் சொன்ன அதே விஷயம். ஊரிலை ஒருத்தரும் உப்பிடிச் செய்யமாட்டினம் எண்டு நீங்கள் சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். சில்லூறுப் பெட்டியை முதல் நாள் கண்டபோது, பூச்சி வளர்க்கிற விசர்க்கூட்டம் எங்கள் ஊரில் இல்லை என்று கத்தினேன். எனக்குப் பத்து வயதில் பின்னேரமானால் சாணி கரைத்துச் சாக்கை நனைத்து அந்தப் பானையைக் கவிழ்த்துவைப்பது என் வேலை. காலையில் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டிக் கொட்டுவதும் நானேதான். இதே வளவு, இதே மாதிரிப் பானை. அது எப்படி என் நினைவிலிருந்து துடைத்ததுபோலப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு காலமும் என் மகள் என் வீட்டு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் அதற்கு விசர் என்று பெயர் வைத்திருந்தேன்.

அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை.

"எஸ்தர், சில்லூறு எல்லாம் சாகுது" என்றேன்.

அவள் முகம் மாறியது. ஆனால் என்னை ஏசவில்லை. வைத்தியர் நோயாளியிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். சூடு எவ்வளவு, ஈரம் உண்டா, மணம் உண்டா, எந்தப் பெட்டியில் எத்தனை. பெரியவை ஒன்றுமே சாகவில்லை என்று நான் சொன்னதும் நிறுத்தினாள். தோல் கழற்றுகிற வயதில் இருப்பவை மட்டும் சாகின்றன என்றால் சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது, தவிட்டைக் காட்டுங்கள் என்றாள். நான் போத்தலைத் தூக்கித் தொலைபேசிக்கு முன்னால் பிடித்தேன்.

"உதுக்கை பச்சையாக் கிடக்கிறது என்ன?"

அக்கா எஸ்தரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எடி விசரி, பூச்சிப் பெட்டிக்கையே வேப்பிலை போட்டனி?"

போட்டிருந்தேன். வேண்டுமென்று இல்லை. எங்கள் வீடுகளில் பயறோ குரக்கனோ மாவோ எதைப் போத்தலில் போட்டாலும் பூச்சி பிடிக்காமல் இருக்க ஒரு பிடி காய்ந்த வேப்பிலை போட்டுத்தான் மூடுவோம். அக்கா வருடாவருடம் ஊரிலிருந்து அனுப்புவாள், நானும் கடுதாசியில் சுற்றி வைத்திருப்பேன். தவிட்டைக் கொட்டிய கை, கேட்காமலே வேப்பிலையையும் போட்டு மூடிவிட்டது. அள்ள அள்ள இலை நொறுங்கித் தூளாகித் தவிட்டோடு கலந்திருக்கிறது. வேம்பு பூச்சியைத் தோல் கழற்ற விடாது என்று எஸ்தர் சொன்னாள். பூச்சி வளர்க்கிற பெட்டிக்குள் பூச்சி வராமல் வேப்பிலை போட்ட மனுசி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. வேம்பு தின்ற பூச்சி ஒன்றையும் இனி ராணிக்குக் கொடுக்க வேண்டாம், பெரியவையும் வேண்டாம் என்றாள். குளிர்பெட்டியில் இருக்கிற மாப்புழுவுக்குப் பழைய தவிடுதான், அது இரண்டு நாளுக்குப் போதும். பிறகு, பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு வரப் பார்க்கிறேன் என்றாள். கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

"நீ நில்லு பிள்ளை. நாளைக்குச் சனி, கடை திறந்திருக்கும். நான் பட்டினத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு வாறன்."

6

காலை ஆறு மணி பஸ். வெளியே சுழியத்துக்குக் கீழே பத்தொன்பது பாகை. பத்து மணிக்கு நான் அந்தப் பூச்சிக் கடையில் நின்றேன். மூக்கில் வளையம் போட்ட பெட்டை ஒருத்தி ஐந்து பெட்டி எடுத்து வைத்தாள். மீனில் நான் எவ்வளவு பொல்லாதவளோ அவ்வளவு பொல்லாதவளாக நின்று, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் அட்டை ஈரம். ஒன்றைத் திறந்தால் மூக்கில் அடித்தது. இன்னொன்றில் அடியில் கால்கள் உதிர்ந்து கிடந்தன. பெட்டியை மெல்லச் சரித்தால் நல்ல சில்லூறு மேட்டுப் பக்கம் ஓட வேண்டும், சேர்ந்து உருண்டு விழக்கூடாது. இது குறிப்பின் ஏழாம் பக்கம்.

உயிரோடு இருக்கக்கூடியவை வேண்டும் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். இந்த மொழியில் இரண்டு சிறு சொற்கள் எனக்கு இன்னும் குழம்பும். உயிரோடு இருக்க விருப்பமானவை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்காமல், உள்ளே போய் அப்போதுதான் வந்த இரண்டு பெட்டியைக் கொண்டுவந்தாள். எத்தனை வருடமாக வளர்க்கிறீர்கள் என்று கேட்டாள். பதின்மூன்று நாளாக என்றேன். கைச்சூட்டுக்கு இருக்கட்டும் என்று என் சுடுதண்ணிப் போத்தலை நிரப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது இரண்டு பெட்டியையும் சுவெற்றருக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்து, சுடுதண்ணிப் போத்தலையும் செருகி, பெல்ட்டால் கட்டிக்கொண்டேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி போல இருந்தது. பக்கத்தில் இருந்த வயதான நோர்வேஜிய அம்மா எழுந்து எனக்கு யன்னல் ஓர இடத்தைத் தந்தார். ஐம்பத்திநாலு வயதில் எனக்கு அந்த மரியாதை கிடைத்தது.

இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். வெளியே மலையும் பனியும் கறுத்துக்கொண்டு வந்தன. பஸ்ஸுக்குள் ஒருவரும் கதைக்கவில்லை, இங்கே பஸ்ஸில் கதைக்கமாட்டார்கள். அப்போது என் நெஞ்சுக்குக் கீழே ஒன்று கிரீச் என்றது. சூடு ஏறியிருக்கிறது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டியும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டன. முன்னால் இருந்தவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். கடைசியில் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தைப் பார்க்க அந்தக் குளிருக்குள் இறங்கப் போனார்.

நான் எழுந்து நின்றேன். முழு பஸ்ஸும் பார்த்துக்கொண்டிருக்கக் கோட்டின் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன்.

என்ன சொல்லி முடித்தேன் என்று சரியாக நினைவில்லை. மகள், ஓணான், முட்டை, குளிர் என்று வந்த சொற்களை எல்லாம் கொட்டினேன். பக்கத்து அம்மா பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். தெற்கே எங்கோ விடுமுறைக்குப் போன இடத்தில் கேட்ட சத்தம் இது, மாரியில் கேட்டதே இல்லை என்றார். ஓட்டுநர் தன் இடத்துக்குப் போய் பஸ்ஸின் சூட்டைக் கூட்டிவிட்டார். மீதி இரண்டு மணித்தியாலமும் அவை கத்திக்கொண்டே வந்தன, ஒருவரும் குறை சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டால், ஊர் ஞாபகம் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. என் பிள்ளை சொன்னபடி ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்ற சந்தோசம்தான் கூட.

ராணி அன்று பின்னேரம் ஒன்பது சில்லூறு தின்றாள்.

7

அவர்கள் வந்திறங்கியபோது எஸ்தர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அறைக்குத்தான் போனாள். ராணியைத் தராசில் வைத்தாள். போனபோது இருந்ததைவிட முப்பத்தொரு கிராம் கூட. வாலடியைத் தடவிப் பார்த்தாள், நகங்களைப் பார்த்தாள், மூன்று பெட்டியையும் சரித்துப் பார்த்தாள். தும்புத்தூளில் இருந்த முட்டைகள் வேப்பிலைக்குத் தப்பியிருந்தன. அவற்றைத் துடைத்த பெட்டியில் வைத்திருந்தேன். அவை பொரித்து மூன்றாம் பெட்டி நிறையப் புதுக் குஞ்சுகள் ஊர்ந்தன. பிறகு மேசையில் இருந்த குறிப்பை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கம் ஒன்று நான் எழுதிச் சேர்த்திருந்தேன். அதில் ஒரே ஒரு வரி. வேப்பிலை போடக்கூடாது.

அப்போதுதான் சிரித்தாள். பண்டத்தரிப்பில் அக்கா சிரித்த அதே சிரிப்பு. கண்ணைத் துடைப்பதும் அதே மாதிரி.

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடம் பிந்திவிட்டது, இனியும் பிந்தக்கூடாது.

"எஸ்தர், அந்த மயிர்க்கொட்டியளை நான் கொட்டினது பிழை."

அவள் சிரிப்பு நின்றது. ராணியைத் தோளில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே பனி, விளக்குக் கம்பம், தபால் பெட்டிகள்.

"நீங்கள் பிறகு கீழை போய்த் தேடினீங்கள்" என்றாள். "கையுறை போட மறந்துபோனீங்கள். நான் இதிலை நிண்டு பாத்தனான்."

நானும் யன்னல் அருகே போய்க் கீழே பார்த்தேன்.

"அதாலைதான் உங்களிட்டை விட்டிட்டுப் போனன்."

அறைத் திறப்பை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. ராணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லி முதலாம் பெட்டியைத் திறந்தாள். நான் கல்சியப் பேணியை எடுத்துக் கொடுத்தேன்.